ஒரு மீட்டருக்கு நாற்பத்தேழு

ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான மரச்சட்டம் வேண்டும், ஒரு ரசமட்டம், நூலில் கட்டிய குண்டு, ஓர் அளவு நாடா. சட்டத்தின் ஒரு முனையைச் சரிவின் மேற்புறம் மண்ணில் வைத்து, ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்கும்வரை மறுமுனையை ஏற்றி இறக்கிப் பிடிக்க வேண்டும். அந்தரத்தில் நிற்கும் அந்த முனையிலிருந்து குண்டைத் தரைவரை இறக்கி நூலை அளந்தால் ஆயிற்று. 27 சென்டிமீட்டர் வந்தால் சரிவு 15 பாகை. 47 வந்தால் 25 பாகை. 70 வந்தால் 35.

மலேசியாவில் சரிவுநிலத்தை நான்கு வகையாகப் பிரிப்பது இந்த மூன்று கோடுகளை வைத்துத்தான். 15 பாகைவரை முதல் வகை, 25 வரை இரண்டாவது, 35 வரை மூன்றாவது, அதற்கும் மேலே போனால் நான்காவது. ஒரு மேட்டில் வீடு கட்டலாமா, கட்டுவதானால் என்னென்ன ஆய்வுகள் வேண்டும் என்ற பேச்செல்லாம் இங்கிருந்து தொடங்குகிறது. 2008 டிசம்பரில் புக்கிட் அந்தாரபங்சா குன்றுக் குடியிருப்பில் மண் சரிந்தபின், மூன்றாம் நான்காம் வகைச் சரிவுகளில் புதிதாகக் கட்டக்கூடாது என்று சிலாங்கூர் மாநில அரசு தடை அறிவித்தது. ஆக ஒரு மீட்டருக்கு 47 சென்டிமீட்டர் என்ற இறக்கம் இந்த மாநிலத்தில் ஓர் எல்லைக்கோடு.

அந்த எண் அலுவலகக் கோப்பில் இருக்கிறது, பொறியாளரின் கணினியில் இருக்கிறது. சரிவுக்குக் கீழே பாய் விரித்துப் படுக்கிறவரிடம் இல்லை. என் மனத்தை உறுத்துவது இதுதான். வானிலையைக் கணிக்க நமக்குச் செயற்கைக்கோள் தேவை. ஆற்று வெள்ளத்தைக் கணிக்க அளவு நிலையங்கள் தேவை. சரிவை அளக்க நூலும் குண்டும் போதும். அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய ஒன்றை நாம் ஏன் முழுக்க முழுக்க அடுத்தவர் கையில் விட்டிருக்கிறோம்?

ஷா ஆலம் மேடும் பள்ளமுமான ஊர். 1978 டிசம்பர் 7 அன்று சிலாங்கூரின் தலைநகராக அறிவிக்கப்படுவதற்கு முன்பு இந்தப் பக்கமெல்லாம் ரப்பரும் செம்பனையும் நின்ற தோட்டங்கள். மேடுகளைச் சீவிப் பள்ளங்களில் தள்ளி, தட்டுத் தட்டாக ஆக்கித்தான் செக்சன்கள் எழுந்தன. மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி தோட்டத்தின் பெயரோடு செக்சன் 7-இல் இருக்கிறது. அந்தப் பெயருக்குரிய நிரைகள் இப்போது இல்லை. வடக்கே புக்கிட் செராக்கா காடு. செத்தியா ஆலம் பக்கம் சமூக வனத்தில் விடுமுறைக் காலைகளில் புக்கிட் சாப்பு தாங்கான் ஏறுகிற கூட்டம். தெற்கே, கிள்ளான் ஆற்றை ஒட்டி, தாமான் ஸ்ரீ மூடா. தண்ணீர் நிற்காத சரிவும் தண்ணீர் போகாத தாழ்நிலமும் ஒரே மாநகர் மன்றத்தின் எல்லைக்குள் இருக்கின்றன.

அந்த வனத்துப் பாதையில் மூச்சு வாங்க நிற்கிறவரிடம் இந்த ஏற்றம் எத்தனை பாகை இருக்கும் என்று கேட்டால் நாற்பத்தைந்து என்பார். அறுபது என்பவரும் உண்டு. பாகைமானியில் கட்டிய நூல் இருபதைத் தாண்டியிருக்காது. கண் சரிவை எப்போதும் கூட்டியே சொல்கிறது. விர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வாளர் டென்னிஸ் பிராஃபிட்டும் அவருடன் இருந்தவர்களும் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், 5 பாகைச் சரிவை மக்கள் சுமார் 20 பாகை என்றும், 10 பாகையைச் சுமார் 30 என்றும் வாயால் சொன்னார்கள். அதே மக்களிடம், தம் கையைப் பார்க்காமல் உள்ளங்கையை ஒரு பலகையில் வைத்து மலையின் சாய்வுக்கு அதைச் சாய்த்துக் காட்டச் சொன்னபோது விடை உண்மைக்கு வெகு அருகில் வந்தது. வாய் தவறிய இடத்தில் கை தவறவில்லை. எனக்கு இந்த முடிவு ஆச்சரியம் தரவில்லை. சாய்வைக் கையால் அறிந்த மக்கள் இந்த மண்ணில் நூறாண்டு வாழ்ந்திருக்கிறார்கள்.

ரப்பர் மரத்தில் போடும் வெட்டுக்கோட்டின் சாய்வு 30 பாகை. இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கி, மரத்தின் பாதிச் சுற்றளவோடு நிற்கும். இந்தத் திசைக்குக் காரணம் உண்டு. பட்டைக்குள் பால்குழாய்கள் நேர் செங்குத்தாக ஓடுவதில்லை; மேலே போகப் போக மூன்று நான்கு பாகை வலப்பக்கம் சாய்கின்றன. இடமிருந்து வலமாக இறங்கும் கோடு அவற்றைக் குறுக்கே வெட்டுவதால் கூடுதல் குழாய்கள் திறக்கும். சாய்வுக்கும் காரணம் உண்டு. செந்தூல் பக்கம் மகன் வீட்டில் இருக்கும் ஒரு பாட்டி, நாற்பது வயதுவரை தோட்டத்தில் மரம் வெட்டியவர், எனக்கு அதை விளக்கினார். "ரொம்ப நிமித்தி வெட்டுனா பட்டை வீணாப் போகும் தம்பி. படுக்க வெட்டுனா பால் கோட்டுல நிக்காது, மரத்து மேல வழிஞ்சிரும்." பேசிக்கொண்டே வாசலில் இருந்த மாமரத்தில் நகத்தால் ஒரு கோடு இழுத்தார். பாகைமானியை வைத்துப் பார்த்தேன். முப்பதுக்கு ஒரு பாகை முன்னே பின்னே இருக்கலாம். அதற்குமேல் அவர் கையில் பிழை இல்லை.

அந்தக் கைக்குப் பின்னால் ஒரு கருவி இருந்தது. முதல்முறை வெட்டத் திறக்கும் மரத்தில், மரச்சட்டத்தில் ஆணியடித்த வளையும் தகரத்தைச் சுற்றிவைத்து, அதன் சாய்ந்த விளிம்பை ஒட்டிக் கோடு கீறுவார்கள். சட்டம் செங்குத்தாக நின்றால் கோடு 30 பாகையில் விழும். அதன்பின் நாள்தோறும் ஒரு சீவலுக்கு ஓரிரு மில்லிமீட்டர் பட்டை எடுத்தாலும் சாய்வு மாறக்கூடாது. விடியுமுன் தலைவிளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில், மேட்டு நிரையில் ஒரு கால் மேலேயும் ஒரு கால் கீழேயும் நின்றுகொண்டு மாறாத சாய்வைக் காப்பாற்றியது சாதாரணக் காரியமா? அதைக் கூலி வேலை என்று எழுதிவைத்திருக்கிறோம். அளவியல் என்று எழுதியிருக்க வேண்டும்.

மரத்தின் சாய்வைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு மலையின் சாய்வைப் பற்றிப் பேச இடம் தரப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாத் தோட்டங்களில் புல் பூண்டு ஒன்றுமில்லாமல் தரையைச் சுரண்டி வைப்பதே நல்ல தோட்டத்தின் அடையாளமாக இருந்தது. அந்தச் சுரண்டலைச் செய்ததும் நம் வெளிக்காட்டு ஆட்கள்தான். அம்மணமான சரிவில் மழை இறங்கி, மேல்மண் முழுவதும் ஓடையில் போய், ஆறுகள் மேடிட்டன. பிறகுதான் மூடுபயிரும், சமமட்டக் கோட்டில் படிவெட்டி நடுவதும், மண்பிடிக் குழிகளும் வந்தன. படி உட்பக்கம் சற்றே சாய வேண்டும்; வெளிப்பக்கம் சாய்ந்தால் ஒரு மழைக்கு விளிம்பு உடைந்துவிடும். இந்தக் கோடுகளைப் போட வெள்ளைக்காரத் துரைகள் பயன்படுத்தியவற்றில் ஒன்று ஆப்னி மட்டம். வில்லியம் ஆப்னி என்ற ஆங்கிலேயர் 1870-களில் அமைத்த, ஒரு சாண் நீளம்கூட இல்லாத குழாய். ஒரு கண்ணால் எதிரே பார்க்கும்போதே ரசமட்டக் குமிழியும் அதே பார்வையில் தெரியும். பக்கத்தில் பாகை வளையம். இலங்கையின் தேயிலை மலைகளில் பாதை இழுக்க வேறொரு கருவி இருந்தது. கழியில் தொங்கும் குழாயும் அதன் அடியில் நகரும் எடையும் கொண்ட அதற்கு இன்றும் நில அளவைப் பாடநூல்களில் சிலோன் காட் டிரேசர் என்றே பெயர். குழாய் வழியே பார்த்தவர் பெயர் பதிவேட்டில் இருக்கும். எதிர்ப்பக்கத்தில் அட்டைக்கடியோடு இலக்குக் கழியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இராது.

எளிய கருவிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இரண்டு கழிகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, கால்களை விரித்து, நடுவே ஒரு குறுக்குச் சட்டம் அடித்து, உச்சியிலிருந்து கல்லைத் தொங்கவிட்ட அமைப்பு. பண்டை எகிப்தியரிடம் இருந்தது. மலைச்சரிவில் விவசாயம் செய்கிற எளிய மக்களிடம் இன்றும் இருக்கிறது. கழிகள் கோணலாக இருக்கலாம், குறுக்குச் சட்டம் ஒருக்களித்திருக்கலாம். கவலையில்லை. இரண்டு கால்களையும் இரண்டு முளைகளின்மேல் நிறுத்தி, நூல் குறுக்குச் சட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு கோடு போட வேண்டும். பிறகு கால்களை இடம் மாற்றி அதே முளைகளின்மேல் நிறுத்தி இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்டநடுவில் மூன்றாவது கோடு. நூல் அந்த மூன்றாவது கோட்டில் நிற்கும்போது இரு கால்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. கருவியின் பிழை ஒருமுறை ஒருபக்கமும் மறுமுறை மறுபக்கமும் விழுந்து, நடுவில் ரத்தாகிவிடுகிறது. ரசமட்டத்துக்கும் இதே சோதனைதான்: ஒரே இடத்தில் முனை மாற்றி வைத்தால், கருவியில் உள்ள கோளாறு இருமடங்காகிக் கண்ணில் படும். விலையுயர்ந்த கருவியின் பிழையைக் கண்டுபிடிக்க அதன் தயாரிப்பாளரிடம் போக வேண்டும். கழியும் கல்லும் தம் பிழையைத் தாமே காட்டிக்கொடுக்கின்றன. ஒரு குடியிருப்பின் சார்பில் எண்ணைப் பதிவு செய்கிறவருக்கு இதைவிட என்ன பலம் வேண்டும்? எங்கே கற்றாய், உன் கருவி சரியா என்று கேட்பவர் முன்னாலேயே கால்களை மாற்றிக் காட்டலாம்.

கைபேசியிலேயே மட்டம் பார்க்கும் வசதி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, நல்லது. அதற்குள் இருப்பதும் தூக்குக் குண்டுதான். சிலிக்கானில் செதுக்கிய, கண்ணுக்குத் தெரியாத சிறு எடை, நுண்வில்களில் தொங்கிப் புவியீர்ப்பின் திசையைச் சொல்கிறது. ஆனால் கைபேசியை மண்மேல் வைத்தால் அது அந்தச் சாண் அகலக் கட்டியின் சாய்வைத்தான் சொல்லும். ஒரு மீட்டர் சட்டத்தை மண்ணில் கிடத்தி அதன்மேல் வைக்க வேண்டும். நீண்ட சரிவுக்கு இரண்டு பேர் வேண்டும். ஏறத்தாழ ஒரே உயரமுள்ளவர்கள். ஒருவர் அடியில், ஒருவர் மேலே. அடியில் நிற்பவர் பாகைமானியின் நேர்விளிம்பு வழியே மேலே நிற்பவரின் கண்ணைப் பார்க்க, நூல் 90-இலிருந்து எத்தனை பாகை விலகியிருக்கிறதோ அதுவே சரிவு.

இவ்வளவு சொன்னபின் ஒரு கேள்வி எழுந்தே தீரும். 25 பாகை என்கிறோமே, எந்த நீளத்துக்கு அளந்த 25? நான்கு மீட்டர் உயரத்துக்கு 60 பாகையில் மண்ணை வெட்டி நிறுத்தி, அதன்மேல் ஏழு மீட்டர் அகலத்துக்குத் தட்டாக விட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அடியிலிருந்து தட்டின் உள்விளிம்புவரை சேர்த்து அளந்தால் சராசரி 23 பாகைதான். இரண்டாம் வகை. கீழே அந்த 60 பாகைச் சுவரை ஒட்டிச் சமையலறை கட்டியிருப்பவருக்கு அந்தச் சராசரியால் என்ன பயன்? வரைபடத்தில் சமமட்டக் கோடுகளின் இடைவெளி பெரிதாகப் பெரிதாக மேடுபள்ளங்கள் மழுங்கி, சரிவு குறைந்தே தெரியும். ஆகவே மேலிருந்து வரும் எண்ணும் கீழிருந்து எடுத்த எண்ணும் வேறுபட்டால், இரண்டில் ஒன்று பொய் என்று அர்த்தமில்லை. இரண்டும் வெவ்வேறு நீளத்தை அளந்திருக்கின்றன. கீழிருந்து எடுத்த எண் அலுவலக மேசைக்குப் போகாவிட்டால் அந்த 60 பாகை யாருக்கும் தெரியாமலேயே போகும்.

பாகை மட்டும் கொல்வதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1993 டிசம்பர் 11, சனிக்கிழமை பிற்பகல், உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் மூன்று கட்டடங்களில் ஒன்று சாய்ந்து விழுந்தது. 12 மாடி. 48 பேர் இறந்தார்கள். பின்னால் இருந்த குன்றைப் படிபடியாக வெட்டித் தடுப்புச் சுவர் எழுப்பியிருந்தார்கள். குன்றில் ஓடிய ஓடையைக் குழாய்க்குள் திருப்பியிருந்தார்கள். மேலே காடு வெட்டப்பட்டுக் கூடுதல் நீர் இறங்கியது. பல நாள் மழையில் சுவர் உடைந்தது, மண் நகர்ந்தது, அடித்தளமாகப் புதைத்திருந்த தண்டவாளத் தூண்கள் பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்கவில்லை. 2002 நவம்பர் 20 அன்று அதற்கு அருகிலேயே தாமான் ஹில்வியூவில் ஒரு பங்களா புதைந்து 8 பேர். 2003 நவம்பர் 26 புக்கிட் லஞ்சானில் பாறைச் சரிவு; உயிரிழப்பு இல்லை, நெடுஞ்சாலை மாதக்கணக்கில் மூடப்பட்டது, அடுத்த ஆண்டு பொதுப்பணித் துறையில் சரிவுப் பொறியியலுக்கென்றே தனிப்பிரிவு தொடங்கியது. 2008 டிசம்பர் 6 புக்கிட் அந்தாரபங்சா, 14 வீடுகள். 2022 டிசம்பர் 16 பத்தாங் காலி. கூடாரங்களில் உறங்கிக்கொண்டிருந்தவர்களில் 31 பேர். மாதங்களைப் பாருங்கள். சிலாங்கூரில் ஆண்டிறுதி மழை மண்ணை நிரப்புகிற காலத்தில்தான் இவையெல்லாம் நடந்திருக்கின்றன. நீர் புகுந்த மண்ணில் துகளுக்கும் துகளுக்கும் இடையே உள்ள பிடி தளர்கிறது. வறண்ட ஜூலையில் நின்ற அதே 30 பாகை டிசம்பரில் நிற்பதில்லை.

நீரின் கணக்கு சமதரையில் இன்னும் நுட்பமானது. 2021 டிசம்பர் 18-ஐ ஒட்டி ஒரே நாளில் ஒரு மாதத்து மழை கொட்டியபோது தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் நின்றார்கள். அங்கே நம் மக்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த வாரம் கோவில்களிலும் பள்ளிகளிலும் சோறு பொங்கிக் கொண்டுபோனவர்கள் இந்த வரியைப் படித்தால் அந்தச் சேற்று வாடையை நினைப்பார்கள். ஆறு கரைபுரண்டதைச் சாக்கடையின் சாய்வு தடுத்திருக்காது. ஆனால் ஒவ்வொரு சாதாரண மழைக்கும் ஒரு வீதியில் தண்ணீர் தேங்குகிறதென்றால், அந்தக் கால்வாய் உண்மையில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தாக வேண்டும். மீட்டருக்கு 5 மில்லிமீட்டர் இறக்கம் இருந்தால் தண்ணீர் நன்றாகப் போகும். அது பாகைக் கணக்கில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. பாகைமானி அங்கே பேசாது. கொத்தனார்கள் தரை பார்க்கப் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாய்தான் வேண்டும். பத்து மீட்டர் ஒளி ஊடுருவும் குழாயில் குமிழி ஒன்றுகூட இல்லாமல் நீர் நிரப்பி, இரு முனைகளையும் கால்வாயின் இரு இடங்களில் உயர்த்திப் பிடித்தால், நீர் இரண்டிலும் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து கால்வாய்த் தரைவரை இரு இடத்திலும் அளந்து கழித்தால் இறக்கம் தெரிந்துவிடும். ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேனன் காலத்தில் கலாவெவ ஏரியிலிருந்து அனுராதபுரத்துக்கு வெட்டிய யோத எல கால்வாய் ஏறத்தாழ 87 கிலோமீட்டர்; அதன் முதல் 27 கிலோமீட்டரில் கிலோமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் அளவே இறக்கம். அந்த நுட்பத்தைச் சாதித்தவர்களிடம் இப்படியொரு குழாய்கூட இல்லை.

ஹைலண்ட் டவர்ஸ் வழக்கு நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2006-இல் கூட்டரசு நீதிமன்றம், கட்டடம் இடிவதற்கு முந்தைய தவறுகளுக்கு ஊராட்சி மன்றத்தைப் பொறுப்பாக்க முடியாது, 1974-ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டம் அதற்குப் பாதுகாப்பு அளிக்கிறது என்று தீர்ப்பளித்தது. சட்டப்படி அது சரியா என்று வாதாட நான் வழக்கறிஞன் அல்ல. சரிவின் கீழே இருக்கிறவனுக்கு அதிலிருந்து கிடைக்கும் செய்தி எனக்குத் தெளிவாக இருக்கிறது: உன் குன்றை நீயும் தெரிந்துவைத்துக்கொள். வல்லுநரின் வேலையை நாம் செய்ய முடியாது. மண்ணின் வலிமையையும் நிலத்தடி நீரையும் பாகைமானி காட்டாது. ஆனால் வல்லுநரை வரவழைப்பதற்கு ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணம் எண்ணாக இருந்தால் தட்டிக்கழிப்பது கடினம்.

இடைநிலைப் பள்ளியில் படிவம் 3-இல் முக்கோணவியல் விகிதங்கள் வருகின்றன. எதிர்ப்பக்கம், அடுத்துள்ள பக்கம், டான்ஜென்ட் என்று பிள்ளைகள் தாளில் கணக்குப் போட்டுவிட்டு, 47 சென்டிமீட்டர் இறங்கும் நிலத்தின் மேலேயே வீட்டுக்கு நடந்து போகிறார்கள். குடியிருப்பாளர் சங்கமோ கோவில் இளைஞர் குழுவோ இரண்டு கழி, ஒரு நூல், ஒரு குழாய் வாங்கி ஒரு காலைப்பொழுதை இதற்குக் கொடுத்தால் பிள்ளைகள் பெரியவர்களுக்கே கற்றுக்கொடுப்பார்கள்.

அளக்க வேண்டியவை அதிகமில்லை. வீட்டுக்குப் பின்னால் உள்ள வெட்டுமுகத்தின் பாகை, அதன் உயரம். தடுப்புச் சுவரில் தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, சுவர் மேலே எவ்வளவு முன்னுக்கு வந்திருக்கிறது என்ற மில்லிமீட்டர் கணக்கு. சுவரில் விரிசல் இருந்தால் இருபுறமும் ஓர் ஆணி அடித்து, இரண்டுக்கும் இடையே உள்ள தூரம். சுவரின் நீர்த்துளைகளில் மழைக்குப் பிறகு நீர் வருகிறதா, கலங்கலாக வருகிறதா, வந்துகொண்டிருந்தது நின்றுவிட்டதா. நின்றுவிட்டதும் ஆபத்துதான், நீர் பின்னால் தேங்குகிறது என்று பொருள். அக்டோபரில் மழை பிடிக்கும் முன் ஒரு முறை, நவம்பரிலும் டிசம்பரிலும் ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும், ஜனவரியில் ஒரு முறை. ஒவ்வொன்றுக்கும் தேதி, இடம், அளந்தவர் பெயர், எந்த நீளத்துக்கு அளந்தது என்ற குறிப்பு, ஒரு படம். எண் மாறியிருந்தால் அந்த ஏட்டின் நகலை மாநகர் மன்றத்தில் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையையும் தேதியையும் நம் பிரதியில் வாங்கிக்கொள்ள வேண்டும். மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது ஆணிகளுக்கு இடையே உள்ள தூரம் கூடியிருப்பதைக் கண்டால் ஏட்டையும் முத்திரையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் வீட்டிலிருப்பவர்களை எழுப்பிக்கொண்டு வெளியேற வேண்டும், பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டிவிட்டு.